கணவருக்கு எச்.ஐ.வி., எனக்கு இல்லை: அடுத்து என்ன?

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது இப்போதுதான் தெரிந்தது. என் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், சகோதரி. தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாமல் போகலாம். கடைசி உறவு 72 மணி நேரத்துக்குள் என்றால் இப்போதே மருத்துவமனைக்குப் போய் எச்.ஐ.வி. தொற்றுத் தடுப்பு மாத்திரை கேளுங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நேரம் கடந்திருந்தாலும் போங்கள். தொற்று வராமல் இருக்கத் தினமும் சாப்பிடும் முன்தடுப்பு மாத்திரை கர்ப்பிணிகளுக்கும் உண்டு. மறுசோதனை தேதியையும் கேட்டு வாங்குங்கள். கர்ப்பத்தின்போது புதிதாகத் தொற்றினால் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும், குழந்தைக்கும் எளிதில் பரவும். அப்படியே ஆனாலும் கலங்க வேண்டாம்: சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், முறையான சிகிச்சையில் 5 சதவீதத்துக்கும் கீழே.

கணவர் இன்றே எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் கூட்டு மருந்தைத் தொடங்கட்டும். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைய ஆறு மாதம் வரை ஆகலாம். அந்த நிலை நீடிக்கும்வரை உறவின் மூலம் பரவாது. அந்த நிலை வரும்வரை ஆணுறை கட்டாயம். தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் ரப்பர் கிழியும். நீர் அடிப்படையிலான வழுக்குப் பசையே சரி.

கேள்வி: பெண்களுக்கு எளிதில் தொற்றுவது ஏன்?

பதில்: பிறப்புறுப்பின் மென்சவ்வுப் பரப்பு பெரிது, விந்து அங்கே நெடுநேரம் தங்குகிறது. கிருமி நுழைய வழிவிடும் பால்வினை நோய்ப் புண்கள் பெண்ணுக்குப் பல நேரம் வெளியே தெரிவதுமில்லை. இதைவிடப் பெரிய காரணம், ஆணுறை வேண்டும் என்று சொன்னால் அடியோ சந்தேகமோ வரும் என்ற பயம். ஆகவே மனைவியை மட்டும் அழைத்து அறிவுரை சொல்வது பயனற்றது. இருவரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.