நைட்ரிக் ஆக்சைடு: ஞாயிறு மாலை கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஜூரோங் தீவிலும் துவாஸிலும் 27 வருடம் கேஸ் பாதுகாப்பு வேலை பார்த்தவன் நான். நைட்ரிக் ஆக்சைடு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். கேட்டவர் இருக்கும் இடத்தைப் போட்டு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

ஈசூன்: இதுதானே பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயு?

இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு, அதில் நைட்ரஜன் அணு இரண்டு. இதில் ஒன்றுதான். பெயர் நெருக்கம், குணம் வேறு.

துவாஸ், கப்பல் பட்டறை: அண்ணே, ஸ்டெயின்லெஸ் டாங்கை ஆசிட் போட்டுக் கழுவும்போது பழுப்பா புகை வருது. சூப்பர்வைசர் ஒன்னும் ஆகாதுங்கிறார்.

தம்பி, அதை நம்பாதீங்க. நைட்ரிக் ஆசிட் உலோகத்தில் பட்டதும் கிளம்பும் நைட்ரிக் ஆக்சைடுக்கு நிறமே கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டைஆக்சைடு ஆகும்போதுதான் அந்தப் பழுப்பு. அம்மோனியா போல மூக்கைப் பிடுங்கி உங்களை வெளியே விரட்டாது. தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் கரையாததால் தொண்டையைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய், அங்குள்ள ஈரத்தில் ஆசிடாகும். நுரையீரலில் நீர் கோக்க மணிக்கணக்காகும்.

ஒருவரை நேரில் பார்த்தேன். மதியம் டாங்கிலிருந்து ஏறி வந்தவர் இரண்டு தடவை இருமினார், முகம் கழுவினார், கேன்டீனில் சோறு சாப்பிட்டார். நானும் "பரவாயில்லையா?" என்று கேட்டதோடு விட்டுவிட்டேன். இரவு 11 மணிக்கு விடுதியில் படுக்க முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வாயில் இளஞ்சிவப்பு நுரை, மூச்சுக்குத் தவிப்பு. பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் சொல்லாத நாளில்லை: பழுப்புப் புகையை இழுத்திருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று. இடுப்பில் மாட்டும் நாலு வாயு மீட்டர் ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றைத்தான் பார்க்கும். இதற்குத் தனி சென்சார் வேண்டும். மீட்டர் கத்தவில்லை என்பதற்காக இறங்காதீங்க. காற்றைவிடக் கனமான புகை, டாங்கின் அடியில்தான் தேங்கும்.

செங்காங்: என் தங்கச்சி குழந்தைக்குப் பிறந்த அன்றே இந்த வாயுவைக் கொடுத்தார்கள். விஷம் என்கிறார்களே அண்ணா, பயமாக இருக்கிறது.

பயப்படாதீங்கம்மா. அளவுதான் இதில் எல்லாம். வழக்கமாகக் குழந்தைக்குத் தருவது 20 பிபிஎம், அதாவது 10 லட்சம் பங்கில் 20 பங்கு. நுரையீரலில் இறுகிக் கிடக்கும் ரத்தக் குழாய்களை அது தளர்த்தும். ரத்தத்தில் கலந்ததுமே ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்வதால் மற்ற இடங்களில் ரத்த அழுத்தத்தை இறக்காது. நம் உடம்பே ரத்தக் குழாயைத் தளர்த்த இதைத் தயாரிக்கிறது. அந்த ஆய்வுக்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். நாள் எடுத்தால் கலங்க வேண்டாம்.

கிளமெண்டி, வேதியியல் ஆசிரியர்: காற்றுப் பட்டால் பழுப்பாகும் என்றீர்கள். அந்தக் குழந்தைக்கு ஆக்சிஜனோடு கலந்துதானே கொடுக்கிறார்கள்? இரண்டும் எப்படிச் சரியாகும்?

சார், இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தது வீண்போகவில்லை. மாறும் வேகம் நைட்ரிக் ஆக்சைடு செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். சாதாரணக் காற்றில் 10,000 பிபிஎம் இருந்தால் அரை நிமிடத்துக்குள் பாதி மாறிவிடும். 10 பிபிஎம் என்றால் பாதி மாற ஏறக்குறைய 7 மணி நேரம். அதனால்தான் சிலிண்டரில் நைட்ரஜனோடு கலந்து வைத்து, குழந்தைக்குப் பக்கத்தில் ஆக்சிஜனோடு சேர்த்து, தேங்க விடாமல் உடனே அனுப்புகிறார்கள். டைஆக்சைடையும் விடாமல் அளக்கிறார்கள்.

பிடோக்: அப்படியென்றால் விரைவுச்சாலை ஓரத்தில் டைஆக்சைடு எப்படி வருகிறது? வண்டிப் புகை காற்றில் கலந்ததும் நீர்த்துவிடுமே!

நல்லா மடக்கினீங்க. அங்கே மாற்றுவது பெரும்பாலும் ஓசோன். ஆக்சிஜனுக்கு மணிக்கணக்கு ஆவதை ஓசோன் நிமிடங்களில் முடித்துவிடும்.

கிளமெண்டி ஆசிரியர் மறுபடியும்: அப்போது சாலை ஓரத்தில் ஓசோன் குறைய வேண்டுமே?

குறையத்தான் செய்கிறது சார். அதே ஓசோன், சாலையிலிருந்து தள்ளிப்போகப் போக மீண்டும் ஏறும். இதைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசலாம், ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பொங்கோல்: ஜிம்மில் "நைட்ரிக் ஆக்சைடு பவுடர்" விற்கிறார்களே?

அதில் வாயு இல்லை. பெரும்பாலும் அர்ஜினின், சிட்ருலின் என்ற அமினோ அமிலங்கள். பீட்ரூட் சாப்பிடுங்கள். அதன் நைட்ரேட்டை நாக்கிலுள்ள பாக்டீரியா மாற்றித் தர, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்ளும். கிருமிநாசினி மவுத்வாஷ் அந்தப் பாக்டீரியாவையே கொன்றுவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகித்தான் வேலை செய்கிறது; அதை வைப்பவர்கள் வயாகரா பக்கமே போகக் கூடாது. ரத்த அழுத்தம் உயிர் போகும் அளவுக்கு இறங்கலாம்.

தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஹவ்காங்: சிரிப்பு வாயுதானே?

மூவருக்கும் ஈசூன் பதில்தான். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

தோ பாயோ: ஆஸ்துமாவுக்கு ஊதச் சொன்ன கருவி இதைத்தான் அளக்குமா?

ஆம். மூச்சுக்குழாயில் அழற்சி கூடினால் அளவும் கூடும்.

பெயர் சொல்லாத ஒருவர்: இன்று டாங்கில் அந்தப் புகையை இழுத்துட்டேன். நாலு மணி நேரம் ஆச்சு, நல்லாத்தான் இருக்கேன். நாளைக்குக் காலையில் காட்டினால் போதுமா?

போதாது. இப்பவே பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிக் கூட அழைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்க. "நைட்ரஜன் டைஆக்சைடு" என்று டாக்டரிடம் சொல்லுங்க. மாடிப்படி ஏறி இறங்காதீங்க, லிஃப்டில் போங்க. மூச்சு கொஞ்சம் திணறினாலும் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்க. போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, நான் தூங்கமாட்டேன்.