பீரோ சாவி

கேள்வி: என் மனைவிக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. எப்போதும் சோர்வு, அழுகை, ராத்தூக்கம் இல்லை. ஓய்வாக இருக்கட்டும் என்று மாடி அறையைக் கொடுத்திருக்கிறேன். குழந்தையை என் அம்மா பார்த்துக்கொள்கிறார். வந்தால் ஓயாமல் பேசுவாள் என்பதால், அவள் தங்கையையும் இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளோ, தனிமையிலும் கொடுமையிலும் புத்தி பேதலித்த பெண்களைப் பற்றிய சிறுகதைகளாகத் தேடிப் படிக்கிறாள். ‘தி யெல்லோ வால்பேப்பர்’ கதையை மூன்று முறை படித்துவிட்டாள். என்னவோ எழுதுகிறாள், என்னைக் கண்டதும் மூடிவிடுகிறாள். மூளைக்குச் சிரமம் வேண்டாமே என்று அந்த நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நான் ஒருநாளும் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை. இப்படிப்பட்ட கதைகள் மனத்தைக் கெடுக்குமா? வேறு என்ன புத்தகம் வாங்கித் தரலாம்?

பதில்: புத்தகம் இருக்கட்டும் தம்பி, முதலில் அந்த பீரோ சாவியைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் மனைவி மூன்று முறை படித்த கதையை நீங்கள் ஒரு முறையாவது படித்தீர்களா? படித்திருந்தால் நோட்டைப் பற்றிய அந்த வரியை எழுதக் கை கூசியிருக்கும். அந்தக் கதையிலும் புதிதாகக் குழந்தை பெற்றவள்தான் நாயகி. கணவன் ஜான் டாக்டர். அவனும் அடிப்பதில்லை, அதட்டுவதில்லை, கொஞ்சத்தான் கொஞ்சுகிறான். அவள் கீழே ரோஜாக்கொடி படர்ந்த அறையைக் கேட்கிறாள். அவன் ஜன்னலுக்குக் கம்பி போட்ட மாடி அறையைத் தருகிறான். உறவுக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். உடம்பு தாங்காது என்கிறான். அறைச் சுவரில் ஒட்டியிருக்கும், மனத்தை அறுக்கும் மஞ்சள் சுவர்த்தாளையாவது (வால்பேப்பர்) மாற்றச் சொல்கிறாள். இடம் கொடுத்தால் பிரமை கூடும் என்று விட்டுவிடுகிறான். அவள் எழுதுவதும் ஒளித்துத்தான். ஜான் வரும் சத்தம் கேட்டால் தாளை மறைத்துவிடுவாள். எழுதி எழுதித்தான் இவளுக்கு நோய் வந்தது என்று அந்த வீட்டிலும் ஒரு நாத்தனார் நினைக்கிறாள். கடைசியில் அந்தப் பெண் சுவர்த்தாளைக் கிழித்தெறிந்து, மயங்கி விழுந்த கணவன் மேலேயே ஏறித் தவழ்ந்து போகிறாள். அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவை ஒவ்வொன்றும் ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று சொல்லப்பட்ட சின்னச் சின்ன மறுப்புகள். உங்கள் கடிதத்தில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எழுதிய சார்லட் பெர்கின்ஸ் கில்மன் இதை வெறும் கற்பனையில் எழுதவில்லை. 1885-ல் மகள் பிறந்த பிறகு அவரைக் கடும் மனச்சோர்வு பிடித்துக்கொண்டது. 1887-ல் வியர் மிட்செல் என்ற பேர்பெற்ற நரம்பு மருத்துவரிடம் போனார். மிட்செல் அந்தக் காலத்தில் பரப்பிய ‘ஓய்வு சிகிச்சை’ என்பது வாரக்கணக்கில் படுக்கை, உறவினர் யாரையும் பார்க்காத தனிமை, நிறையப் பால், உடம்பு பிடித்துவிடுதல். வீட்டுக்கு அனுப்பும்போது, மூளை வேலை நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும், பேனா, தூரிகை, பென்சில் எதையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார். சுமார் மூன்று மாதம் அதன்படி நடந்ததில் புத்தி பேதலிக்கும் விளிம்புக்கே போய்விட்டதாகக் கில்மன் 1913-ல் எழுதியிருக்கிறார். மறுபடி எழுத உட்கார்ந்த பிறகுதான் தேறினார். கதை அச்சேறியது 1892-ல். நீங்கள் இன்னும் மிட்செல் காலத்து வைத்தியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கதை படித்து யாருக்கும் புத்தி கெடாது. தன் நிலைமையை யாரோ ஒருத்தி எழுதி வைத்திருக்கிறாள் என்று கண்டவர் திரும்பத் திரும்ப அதைப் படிக்கத்தான் செய்வார். சூசன் கிளாஸ்பெல் 1917-ல் எழுதிய ஒரு கதையில், கொலை நடந்த வீட்டில் ஆண்கள் மாடியெல்லாம் துப்புத் தேடுகிறார்கள். சமையலறையில் நிற்கும் இரண்டு பெண்களோ, ஒட்டுத்துணிப் போர்வையில் ஓரிடத்தில் மட்டும் தையல் கோணியிருப்பதைப் பார்த்துவிடுகிறார்கள். அதைத் தைத்த அந்த வீட்டுக்காரியின் மனம் கலங்கியிருந்ததற்கு அதுதான் அடையாளம். அந்தத் தையலைப் போலத்தான் உங்கள் மனைவி கையிலிருக்கும் புத்தகம். அதைப் பிடுங்கிவிட்டால் கோணல் சரியாகிவிடுமா?

இன்றைக்கே நோட்டைத் திருப்பிக் கொடுங்கள், ‘நான் செய்தது தப்பு’ என்று சொல்லியே கொடுங்கள். பிரித்துப் படிக்கக் கூடாது. தங்கையை நீங்களே கூப்பிட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பெண் ஓயாமல் பேசட்டும், இந்த வீட்டில் இப்போதைக்கு அதுதான் மருந்து. அம்மா உதவுவது நல்லதுதான், ஆனால் குழந்தை எந்த நேரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தாய் முடிவு செய்யட்டும். ராத்திரியில் அவர் நான்கைந்து மணி நேரமாவது ஒரே மூச்சாகத் தூங்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை அழுதால் எழுந்திருக்க வேண்டியவர் அம்மா இல்லை, நீங்கள். பெற்ற பிள்ளைக்காக விழித்திருப்பது அப்பனுக்கும் கடமைதான்.

இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பிரசவமான சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். நான்கு மாதம் நீடித்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு. தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், இரண்டுமே சோர்வைக் கொண்டுவரும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. சற்றுத் தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் அறைக்குள் அவர் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். ‘சாகலாம் போல இருக்கிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றாலோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று சொன்னாலோ, காதில் குரல் கேட்டாலோ, பேச்சு குழம்பினாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.

என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டீர்கள். அந்தக் கதையை உங்களுக்கென்று ஒரு பிரதி வாங்குங்கள். ஜான் பேசும் வரிகளுக்கு மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள்.

இந்தக் கடிதம் உங்கள் கையெழுத்தில் வந்திருக்கிறது. அடுத்தது உங்கள் மனைவியிடமிருந்து வரட்டும். ஒட்டித் தந்தால் பிரிக்காமல் தபாலில் சேர்த்துவிடுங்கள்.