1.5 டிகிரியைத் தாண்டிவிட்டோமா? ஏழாம் வகுப்புக்கு ஒரு விளக்கம்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். உலக வெப்பம் 1.5 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று ஒரு செய்தியையும், இன்னும் தாண்டவில்லை என்று இன்னொன்றையும் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். எதைச் சரி என்பது?

பதில்: இரண்டும் பொய்யல்ல, கணக்குகள்தாம் வேறு. 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை, தொழில்மயத்துக்கு முந்தைய நிலையாகக் கொள்ளப்படும் 1850–1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்ததென்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. வெப்ப உயர்வைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை சொல்லும் 1.5 டிகிரியோ ஓர் ஆண்டைப் பற்றியதன்று, பல பத்தாண்டுகளின் சராசரியைப் பற்றியது.

உங்கள் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்கப் படவீழ்த்தி வேண்டாம், பால்மாடு போதும். ஒரு நாள் கறவை பத்து லிட்டரைத் தொட்டதென்று அதைப் பத்து லிட்டர் மாடு என எந்தக் குடியானவரும் விலை பேசமாட்டார். முதல் நாள் மாலை கறக்காமல் விட்டு, மறுநாள் காலையில் மடி புடைத்திருக்கும்போது சந்தைக்கு ஓட்டிவரும் தரகர்தான் அப்படிப் பேசுவார். 2024இல் யாரும் ஏமாற்றவில்லை, பசிபிக் கடல்நீர் இயல்பைவிடச் சூடாகும் எல் நினோவும் சேர்ந்து வெப்பத்தைக் கூட்டியது. ஆனால் அந்த ஓர் ஆண்டை மட்டும் காட்டி 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று தலைப்பிடுபவரிடம் தரகரின் சாயல் இருக்கிறது. சராசரியே ஏறிக்கொண்டிருப்பதுதான் உண்மையான கவலை.

இதனால், ஒரே ஒரு பெருமழையைப் பற்றி அறிவியல் எதுவும் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிடாதீர்கள். வெப்பமடையாத ஓர் உலகத்தைக் கணினியில் உருவாக்கி, அங்கே அதே மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெய்யும், இன்றைய உலகில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெய்யும் என்று ஒப்பிடும் ஆய்வுமுறை உண்டு. 'இந்த மழைக்குக் காலநிலை மாற்றமே காரணம்' என்று அவ்வாய்வுகள் பெரும்பாலும் சொல்வதில்லை, 'வாய்ப்பு இத்தனை மடங்கு கூடியிருக்கிறது' என்றே சொல்கின்றன. செய்தியாகும்போது அந்த 'வாய்ப்பு' உதிர்ந்துவிடுகிறது. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததையும், ஆழ்துளைக் கிணறுகள் வற்றியதையும் கூடக் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுபவர்கள் இருப்பதால், இதை நிதானமாகவே சொல்லிக்கொடுங்கள்.

பள்ளிகளைச் சுற்றிவரும் 'காலநிலைக் கருவிப் பெட்டி' முகவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். நான் பிரித்துப் பார்த்த ஒரு பெட்டியில், ஒரே மேசையில் வைத்த இரு வெப்பமானிகள் மூன்று டிகிரி வேறுபாடு காட்டின. கட்டணம் வாங்கிச் சான்றிதழ் தரும் இணையவழிப் போட்டிகளும் அதே ரகம். விழிப்புணர்வு வாரம் கொண்டாடிப் புகைப்படம் அனுப்பச் சொல்லும் சுற்றறிக்கைகள் தவறாமல் வருகின்றன, இந்தப் பாடத்தை நடத்த ஒரு பாடவேளை ஒதுக்கத்தான் எவருக்கும் தோன்றுவதில்லை.

மாறாக, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வையுங்கள். தினமும் காலை 8:30 மணிக்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதச் சொல்லுங்கள், 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை மழை நாளாகக் கணக்கிட வேண்டாம். நோட்டை அடுத்த ஆண்டு வரும் வகுப்பிடம் ஒப்படைத்துவிடுங்கள், காலநிலை என்று பேச முப்பது ஆண்டுப் பதிவு வேண்டும்.