ஊட்டச்சத்தியல் என்பது சமையல் படிப்பா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்த என் மகள், நீட் மதிப்பெண் கைகொடுக்காததால் பி.எஸ்சி. ஊட்டச்சத்தியல் படிக்க விரும்புகிறாள். உறவினர்களோ, “சமையல் படிக்கவா கல்லூரிக்கு அனுப்புகிறீர்கள்?” என்கிறார்கள். இதற்கு வேலை உண்டா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இப்படிப்பு நம் மாநிலத்தில் மனையியலின் ஒரு கிளையாக, பெரும்பாலும் மகளிர் கல்லூரிகளில் வளர்ந்ததால் உறவினர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அதன் முதுகெலும்பு உயிர்வேதியியலும் உடலியங்கியலும்தான். தங்கள் மகளுக்கு வேதியியல் வேம்பாகக் கசக்கும் என்றால் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

இப்படிப்பை முடித்தவர்கள் செல்லும் முக்கியப் பணி, நோயாளிக்கு ஏற்ற உணவைத் திட்டமிட்டுத் தரும் மருத்துவமனை டயட்டீஷியன் வேலை. அதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். சிறுநீரகம் பழுதுபட்டு, இன்னும் டயாலிசிஸ் தொடங்காத 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 36 முதல் 48 கிராம் வரை புரதம் என்று கட்டுப்படுத்துவார்கள். அவரே டயாலிசிஸுக்கு வந்துவிட்டால், அந்தச் சிகிச்சையில் புரதம் வெளியேறுவதால், 60 முதல் 72 கிராம் வரை உயர்த்த வேண்டியிருக்கும். நேற்றுவரை “பருப்பைக் குறையுங்கள்” என்றவர் இன்று “முட்டை சாப்பிடுங்கள்” என்றால் வீட்டார் குழம்பத்தானே செய்வார்கள்? சூட்டுக்கு நல்லதென்று நாம் எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கும் இளநீர்கூட, பொட்டாசியம் மிகுந்தது என்பதால், அந்த நோயாளிக்கு ஆபத்தாகலாம். கணக்கைச் சரியாகப் போடுவதோடு, அதை அந்த வீட்டின் சாம்பாருக்கும் பொரியலுக்கும் பொருந்தும்படி மாற்றிச் சொல்லவும் தெரிந்தவரே நல்ல டயட்டீஷியன். இந்தத் திறமை வார்டில் பயிற்சி பெறும் மாதங்களில்தான் கைவரும். எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, மருத்துவமனைப் பயிற்சியை எங்கே, எத்தனை நாள் தருகிறார்கள் என்பதையே முதலில் கேளுங்கள்.

இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிட்டால் வாய்ப்பு குறைவு என்பதையும், தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. முதுநிலைப் படிப்பையும் மருத்துவமனைப் பயிற்சியையும் முடித்து, இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுபெற்ற டயட்டீஷியன் தேர்வில் தேறியவருக்கு மதிப்பு கூடும். 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர்களுக்கான ஆணையச் சட்டம் டயட்டீஷியன்களையும் ஊட்டச்சத்து வல்லுநர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருப்பதும் நல்ல செய்தி. மருத்துவமனை வேண்டாம் என்பவர்களுக்கு உணவு நிறுவனங்கள், விளையாட்டுப் பயிற்சி மையங்கள், பொதுச் சுகாதாரத் திட்டங்கள், கற்பித்தல் எனப் பிற வழிகளும் உள்ளன.

கேள்வி: ஆண்கள் இத்துறையில் படிக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: தாராளமாக. கோவை அவினாசிலிங்கம் போன்ற புகழ்பெற்ற நிறுவனங்கள் மகளிருக்கானவை என்பதால் இளநிலையில் இருபாலர் கல்லூரியைச் சற்றுத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். 1918-இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) ஆய்விலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. பின்னாளில் அதன் இயக்குநராக இருந்த சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.