லாப் குட்டிக்கு கால்சியம் டானிக் எத்தனை மில்லி?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். நாலு மாத லாப்ரடார் குட்டி, 14 கிலோ. பாக்கெட்டில் வரும் பப்பி உணவுதான் மூன்று வேளையும், ராத்திரி மாமனார் கொஞ்சம் தயிர்சாதம் வைப்பாராம். முன்னங்கால் லேசாக வளைகிற மாதிரி இருக்கிறதே என்று கடையில் சொன்னதும் கால்சியம் டானிக், மல்டிவைட்டமின் சொட்டு மருந்து, மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் என்று மூன்றையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எதை எவ்வளவு கொடுப்பது?

கால்சியம் டானிக் ஒரு சொட்டுகூட வேண்டாம். இன்றைக்கே நிறுத்துங்கள்.

உணவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி கால்சியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 1.2 என்று போட்டிருந்தால், 300 கிராம் சாப்பிடும் குட்டிக்கு அதிலேயே 3.6 கிராம் கிடைத்துவிடுகிறது, வளர்வதற்கு அதுவே போதும். வளர்ந்த நாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். குட்டிக்கு ஆறு மாதம் வரை அந்தக் கட்டுப்பாடு சரியாக வராது, ஊற்றியதில் பெரும்பகுதி உடம்புக்குள் போய்விடும். லாப், கிரேட் டேன் மாதிரி வேகமாக வளரும் இனங்களில் அதனாலேயே எலும்பு கோணலாக வளரும். கால் வளையக் கூடாது என்று ஊற்றுகிற டானிக்கே காலை வளைக்கும், இதைப் பார்க்கும்போதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பாக்கெட் உணவே இல்லாமல் வெறும் தயிர்சாதம், இல்லையென்றால் சிக்கனும் சோறும் என்று வளர்கிற குட்டியின் கதை வேறு. அங்கே கால்சியம் நிஜமாகவே குறையும், தயிர் அதை ஈடுகட்டாது. நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு, தலைதட்டிய ஒரு டீஸ்பூனில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கும், ஆனால் அதில் அந்தக் குட்டிக்கு எவ்வளவு என்பதை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். உங்கள் மாமனாரைத் தடுக்க வேண்டாம், ரெண்டு ஸ்பூன் தயிர்சாதம் உங்கள் குட்டிக்கும் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம்.

மல்டிவைட்டமின் சொட்டும் இப்போது தேவையில்லை. முழுமையான பப்பி உணவில் எல்லாமே சேர்த்துத்தான் வருகிறது.

மீன் எண்ணெயில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். மேலே 1000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும், அது மொத்த எண்ணெயின் எடை. சிறிய எழுத்தில் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள் இருக்கிறதே, அந்த 300தான் வேலை செய்யும் சரக்கு, டோஸ் கணக்கும் அதை வைத்துத்தான். டாக்டர் எழுதிக்கொடுத்தால் கொடுங்கள், அதிகமானால் வயிற்றுப்போக்குதான் முதலில் வரும். மீன் ஈரல் எண்ணெய் என்று எழுதியிருந்தால் அது வேறு பொருள், வைட்டமின் ஏயும் டியும் நிறைய இருக்கும், கொடுக்கவே வேண்டாம்.

டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்கள் வாரம் ஒன்று போடும் 60,000 யூனிட் மாத்திரை, ஃப்ரிட்ஜ் மேலேயோ டைனிங் டேபிளிலோ கிடக்கும். 14 கிலோ குட்டி அதில் ஒன்றைக் கடித்து விழுங்கினாலே கிலோவுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டிவிடும், நச்சு அறிகுறி தொடங்கும் அளவு அது. வாந்தி, அடங்காத தாகம், அப்புறம் சிறுநீரகம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சைலிடால் என்ற, சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு சேர்த்த, மிட்டாய் மாதிரி மெல்லும் ‘கம்மி’ (gummy) வைட்டமினும் அப்படித்தான், நாய்க்குச் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

எந்த மருந்தானாலும் வீட்டு ஸ்பூனில் அளக்காதீர்கள், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் மெடிக்கலில் கிடைக்கும். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். வாராவாரம் மாறும் வயசு இது, போன மாத எடைக்குச் சொன்ன டோஸ் இந்த மாதம் சரிவராது.

சரி, கால்? வழுக்கும் டைல்ஸ் தரையும் காரணமாக இருக்கலாம், குட்டி நடக்கிற இடத்தில் ரப்பர் மேட் போடுங்கள். ஆனால் பார்வையில் முடிவு செய்யாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். காலையிலேயே போங்கள், மூன்று பாட்டில்களையும் உணவுப் பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு, இதுவரை எத்தனை நாள் என்ன கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.