தற்காப்புன்னு சொன்னா நாமதான் நிரூபிக்கணுமா?

கேள்வி: வக்கீல் சார், வரப்பு தகராறுல பக்கத்து வயக்காரர் அரிவாளோட வந்து என் தம்பியை தோள்ல வெட்டிட்டார். தம்பி மம்பட்டிக் காம்பால திருப்பி அடிச்சதுல அவருக்கு கை முறிஞ்சிருச்சு. இப்ப தம்பி மேல கொடுங்காயம்னு கேஸ். குற்றத்தை போலீஸ்தானே நிரூபிக்கணும்? ஆனா, தற்காப்புன்னா நீங்கதான் நிரூபிக்கணும், சாட்சி இருக்கான்னு கேக்குறாங்க. அங்க எங்க ஆளு யாருமே இல்ல சார்.
- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: பயப்படாதீங்கம்மா. அவங்க சொல்ற மாதிரி சட்டம் இருக்கிறது நிஜம்தான், முன்ன 1872 சாட்சியச் சட்டத்துல 105-வது பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்துல 108. தற்காப்பு, புத்தி சுவாதீனம் இல்லாம செஞ்சது, இந்த மாதிரி விதிவிலக்கு கேட்டா அதை எதிரிதான் (கோர்ட் பாஷையில எதிரின்னா குற்றம் சாட்டப்பட்டவர், இங்க உங்க தம்பி) காட்டணும், காட்டுற வரைக்கும் அப்படி எதுவும் இல்லன்னுதான் கோர்ட் எடுத்துக்கும்.

ஆனா போலீஸ் தரப்பு நிரூபிக்க வேண்டிய அளவுக்கு உங்க தம்பி நிரூபிக்க வேண்டியதில்ல, இதைத்தான் பல பேர் சொல்லாம விட்டுடுறாங்க. அவங்க சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், தம்பி சொல்றது நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு சிவில் கேஸ் மாதிரி தெரிஞ்சாலே போதும். 1964-ல தாஹ்யாபாய் தக்கர் வழக்குல (மனைவியைக் கொன்னவர், புத்தி சரியில்லன்னு வாதாடினார், அவர் தோத்துட்டார், அது வேற விஷயம்) சுப்ரீம் கோர்ட் இன்னொண்ணும் சொல்லுச்சு, விதிவிலக்கை முழுசா நிரூபிக்க முடியலன்னாலும் அந்த ஆதாரத்தால குற்றத்துக்குத் தேவையான மனநிலை இருந்துச்சாங்கிறதுல நியாயமான சந்தேகம் வந்துட்டா விடுதலைதான்.

அப்புறம் சாட்சிக் கூண்டுல உங்க ஆளு ஏறித்தான் ஆகணும்னு இல்ல. அரசு தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணியே, அரிவாள் யார் கொண்டு வந்தது, முதல்ல வெட்டு யாருக்கு விழுந்துச்சுன்னு வெளிய கொண்டு வரலாம். அதுக்கு மேல முக்கியம் தம்பியோட தோள் காயம். அன்னைக்கே ஜிஎச்ல காட்டியிருந்தா ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) இருக்கும், காயச் சான்றிதழ் இருக்கும், உடனே நகல் கேட்டு மனு போடுங்க. எதிரி உடம்புல இருந்த பெரிய காயத்துக்கு அரசு தரப்பு விளக்கமே சொல்லலன்னா, நடந்ததை மறைக்கிறாங்களோன்னு கோர்ட் நினைக்கலாம்னு 1976-ல லக்ஷ்மி சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. சின்னக் கீறலுக்கெல்லாம் இது செல்லாது. தம்பி கொடுத்த புகாரை ஸ்டேஷன்ல வாங்கலன்னா எஸ்.பி.க்கு பதிவுத் தபால்ல அனுப்பிடுங்க, எதிர் கேஸ் ஃபைல்ல ஏறியே ஆகணும்.

ஒரு விஷயம் மட்டும் கறாரா சொல்றேன்மா. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல காயம் பண்ணக் கூடாது. அவர் அரிவாளைப் போட்டுட்டு ஓடும்போது விரட்டிப் போய் அடிச்சிருந்தா இந்த வாதம் நிக்காது, அதனால தம்பிகிட்ட தனியா உக்காந்து நடந்ததை நடந்தபடி கேளுங்க, கேட்டதை அப்படியே உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க. அரசு தரப்பு சாட்சி முடிஞ்சதும் ஜட்ஜ் எதிரியை நேரா கேள்வி கேப்பார், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 313, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ல 351. அங்க நிறைய பேர் 'பொய் கேஸ்'னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு வந்துடுறாங்க, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். தற்காப்புன்னு வாயால சொல்லாட்டியும் பதிவான சாட்சியத்துல இருந்தா கோர்ட் பார்க்கலாம்தான், அதை நம்பி இருக்காதீங்க, தம்பியை எழுத்து மூலமாவே வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்க.