பல வாத்தியங்கள் வாசிப்பவர், ஓவன் பாலெட் போலச் சென்னையில் வாழ்க்கை நடத்த முடியுமா?

வயலினும் கீபோர்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவர், பாடகரும் வயலின் கலைஞருமான ஓவன் பாலெட் போல ஆர்கெஸ்ட்ரா இசையைப் பாப் பாடலோடு கலந்து, சென்னையில் இருந்துகொண்டே பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் மேற்கத்திய இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு, அதாவது கடைசி கிரேடு, முடித்துவிட்டு, பார்க்கும் வேலையை விடலாமா என்று யோசிப்பவராக உங்களை எடுத்துக்கொள்கிறேன். முடியும் என்பதே என் பதில். ஆனால் எத்தனை வாத்தியம் தெரியும் என்ற கணக்கு சோறு போடாது. பிறர் வாசிப்பதற்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

கனடாக்காரரான பாலெட்டைப் பெரும்பாலோர் மேடையில் தனியாக நின்று, வயலினில் ஒரு வரியை வாசித்து, அதை லூப் பெடலில் (வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் கால்மிதிக் கருவியில்) பதிந்து, அதன்மேல் அடுத்தடுத்த வரிகளை ஏற்றிப் பாடுபவராகவே அறிவார்கள். 2006-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட, கனடாவின் சிறந்த ஆல்பத்துக்கான போலாரிஸ் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் அவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இசையமைப்பு படித்தவர். ஆர்கேட் ஃபயர் என்ற ராக் இசைக் குழுவின் 2004 ஆல்பத்திலேயே தந்தி வாத்தியப் பகுதிகளை எழுதுவதில் பங்கெடுத்தவர். அக்குழுவின் வில் பட்லரோடு சேர்ந்து ‘ஹெர்’ படத்துக்கு அமைத்த பின்னணி இசைக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். லூப் பெடலை வியப்பவர்கள் இந்த எழுத்து வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நம் ஊரிலும் வழி இதுதான். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, 1976-இல் முதல் படம் வெளிவருவதற்கு முன் இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். ரஹ்மான் தன் முதல் படம் வந்த 1992-க்கு முன் பிறருக்குக் கீபோர்டு வாசித்தவர். ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இவர்களோடு என்னை நான் ஒப்பிடவில்லை.

நான் கர்நாடக முறையில் வயலின் தொடங்கி, பிறகு மேற்கத்திய முறைக்கு மாறி, சாலிகிராமம், வடபழனி ஒலிப்பதிவுக் கூடங்களில் கால்ஷீட் (சில மணி நேர வேலைப்பொழுது) கணக்கில் வாசிப்பவன். ஒரு படத்தின் ரீ-ரிக்கார்டிங்கின்போது (பின்னணி இசைப் பதிவின்போது) வியோலா, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்து ஒலிக்கும் தந்தி வாத்தியம், வாசிக்கும் கலைஞர் காய்ச்சலால் வரவில்லை. வியோலாவுக்கு எழுதப் பயன்படும் இசைக்குறிப்பு முறையான ஆல்டோ கிளெஃபைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவன் அன்று அங்கே நான் ஒருவன்தான் என்பதால், இரவல் வியோலாவோடு என்னை உட்கார வைத்தார்கள். வியோலாவுக்கு எழுதியிருந்த பகுதி, அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் செல்லோ வாசிப்பதையே ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவே இசை காலியாகக் கிடந்தது. தேநீர் இடைவேளையில் பென்சிலால் வேறொரு உள்வரி எழுதிக் கண்டக்டரிடம் காட்டினேன். அவர் தலையசைத்தார், வாசித்துப் பார்த்தோம், இசையமைப்பாளர் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். அந்த வரி படத்தில் அப்படியே இருக்கிறது.

வந்த ஊதியம் வாசித்ததற்கு மட்டும். படத்தின் பெயர்ப் பட்டியலில் நான் வயலின் கலைஞர்களில் ஒருவன். எழுதியதைப் பற்றிப் பிறகு மெதுவாகக் கேட்டபோது, “அதெல்லாம் ஒரு நட்புல செஞ்சதுதானே” என்றார்கள். நீயாகத்தானே பென்சிலை எடுத்தாய் என்று சக கலைஞர்கள் சிலர் இங்கே கேட்கக்கூடும். நானாகத்தான் எடுத்தேன்; அதற்காக அந்த வரியைப் படத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லையே.

ஆகவே, நீங்கள் ஐந்தாவது வாத்தியம் வாங்குவதற்கு முன் ஹார்மனியையும் (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் முறையையும்), ஒவ்வொரு தந்தி வாத்தியமும் எந்த எல்லையில் நன்றாக ஒலிக்கும் என்பதையும் படியுங்கள். இன்று பல படங்களில் தந்தி வாத்தியங்களை மென்பொருளே வாசிக்கிறது. அதன்மேல் உயிருக்காக ஒன்றிரண்டு அசல் வயலின்களை ஏற்றிக்கொள்கிறார்கள். வயலினும் வியோலாவும் மாற்றி மாற்றி ஓவர்டப் செய்யவும் (முன்பு பதிந்ததன்மேல் வாசித்துச் சேர்க்கவும்), அதற்கான நோட்டேஷனைத் (இசைக்குறிப்பைத்) தானே எழுதவும் தெரிந்தவரை அந்த இடத்தில் தேடுகிறார்கள். எழுதும் வேலைக்குத் தனி ஊதியத்தையும் பெயரையும் ஒலிப்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். சிலர் தருகிறார்கள், சிலர் அடுத்த முறை அழைப்பதில்லை.